ஒன்பதாம் நம்பர்

சூலூர்ப்பேட்டையில் கத்திரி வெயில்.
தார் ரோட்டில் செருப்பு
ஒட்டி ஒட்டிப் பிரிகிறது.
மஸ்தான்வலி கடைக்குள் ஏறி
பனிக்கு ஒரு பூட்ஸ் வேணும் என்றேன்.
ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

லடாக்கில் சுரங்கப்பாதை வேலை பாய்,
ஒயரிங். ஆடியில் போய்ச் சேரணும்.
மார்கழிக்கு மைனஸ் இருபத்தைந்தாம்.

மூன்று ஜோடி வந்தது.
ஃபேக்டரி ஆட்கள் போடும் இரும்பு மூக்கு.
இறால் குட்டைக்காரர்களின் கம் பூட்ஸ்.
அப்புறம் ஏணி போட்டுப் பரணிலிருந்து,
தூசி தட்டி, உள்ளே ஆட்டு ரோமம் என்று
அவர் சொன்ன பழுப்பு நிறத்தது ஒன்று.
கேரண்டி உண்டா?
எனக்குப் பனியே தெரியாது தம்பி,
அதுக்கு நான் எங்கேர்ந்து கேரண்டி தர்றது?
வேணாம்னா திருப்பிக் கொண்டா,
அழுக்காக்காமல்.

வீட்டில் மல்லேஸ்வரி
தோலைப் பார்க்கவில்லை, விலையைக் கேட்கவில்லை.
ஒவ்வொன்றிலும் முழங்கை வரை கையை விட்டாள்.
பதினோரு வருஷமாக ஆரம்பாக்கத்தில்
இறாலுக்கு ஐஸ் அடுக்குகிறவள்.

இரும்பு குளிரைக் குடிச்சு வெச்சிருந்து
விரலுக்குக் கொடுக்கும்.
ரப்பர்ல வேர்வை நிக்கும்,
வேர்த்த காலைத்தான் முதல்ல பிடிக்கும்.
இறுக்கிப் போட்டா சூடுன்னு நினைக்காதே,
உள்ளே விரல் ஆடணும்.
உனக்குக் கணுவுக்கு மேலே நாலு விரல் ஏறணும்.
புத்தூர் கட்டுப் போட்ட கால், மறந்துட்டியா?

மறக்கவில்லை. மழை வாசனை வந்தாலே
அந்தக் கணுக்கால்தான் எனக்கு முதலில் சொல்லும்.

ராத்திரி ஷிஃப்டுக்கு
மூன்றையும் கோணியில் கட்டிக்கொண்டு போனாள்.

விடிந்து ஏழு மணிக்கு வந்தாள்.
கம் பூட்ஸ் குதிகாலில்
ஓட்டாஞ்சில்லு மாதிரி வெடித்திருந்தது.
இரும்பு மூக்கின் உள்ளே
இன்னும் உருகாத வெள்ளைப் பொடி.
பழுப்பு பூட்ஸ் அவள் காலில் இருந்தது.

என் கால் எட்டு. தடித்த சாக்ஸ் இரண்டுக்கு
இடம் விட்டு வாங்கியது ஒன்பது.
அவள் கால் ஆறு.
மிச்ச இடத்தில் கிழிந்த ஜாக்கெட்டைத் திணித்து
நாலு மணி நேரம் ஐஸ் ரூமில் நின்றிருக்கிறாள்.

இது தேறும், என்றாள்.
மூணாவது மணியில குதிகால் லேசா ஜில்லுங்குது.
கீழே ஒரு கம்பளித் துண்டு வெட்டிப் போட்டுக்கோ.
ராத்திரி கழட்டினா வாசல்ல விடாதே,
படுக்கைக்குப் பக்கத்தில வை.

சொல்லிக்கொண்டே நாடாவை அவிழ்த்தாள்.
ஒரு நாடா அவிழ அவ்வளவு நேரம் ஆகாது.

கழட்டிய காலைத் தொட்டுப் பார்த்தேன்.
விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன.
காலை ஏழு மணிக்கு அவை அப்படி இருந்து
நான் ஒரு நாளும் அறிந்ததில்லை.
பாலிதீன் பை கட்டிய ரப்பர் செருப்பு
கொடியில் கிளிப் போட்டுத் தொங்கியது.
தினமும் அதைத் தாண்டித்தான்
பல் விளக்கப் போகிறேன்.

சாயங்காலம் மறுபடி சூலூர்ப்பேட்டை.
வெடித்ததற்குக் காசு கட்டினேன்.
இரும்பு மூக்கைத் துடைத்துக் கொடுத்தேன்.
இதே பழுப்பில் ஆறாம் நம்பர் இருக்கா பாய்?
யாருக்கு?
வீட்ல.
அவங்களும் லடாக்கா?
இல்லை, ஆரம்பாக்கம்.

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.
பெண்களுக்கு இதில் சைஸ் வருவதில்லையாம்.
மெட்ராஸுக்குச் சொல்லிப் பார்க்கிறேன் என்று
பில் புத்தகத்தின் பின்அட்டையில்
ஆறு என்று எழுதி, கீழே கோடு போட்டார்.

இன்னும் வரவில்லை.
ஆடி பிறக்க முப்பத்தெட்டு நாள்.
அதுவரை ஒன்பதாம் நம்பர்
ஜாக்கெட் துணியோடு ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிறது.
இறால் நாத்தம் ஏறிவிட்டது, மல்லேசு,
கூட இருக்கிறவன் என்னை வெளியே தள்ளுவான் என்றேன்.
மைனஸில நாத்தமும் உறைஞ்சிடும், பயப்படாதே என்றாள்,
நாடாவைக் கணுவுக்கு மேலே
இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டே.